கேட்டில் கொடுக்காத போன்

அத்தியாயம் 14

கதிரை இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டது யார் என்று கேட்டால், அன்னூர் வீட்டில் எல்லோரும் யுவஸ்ரீயைத்தான் கை காட்டுவார்கள். அவளும் இல்லையென்று சொல்ல மாட்டாள்.

தம்பியை மனதில் வைத்துத்தான் அவள் அந்தப் பாடத்திட்டத்தையே போட்டாள். பத்தாவதோடு படிப்பை விட்டவன். நீலாம்பூர் பக்கத்துப் பம்ப் கம்பெனியில் பத்து வருஷமாக மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறான். அவன் சுற்றிய காயிலில் ஒரு ஒயர் மேல் இன்னொன்று ஏறி நின்று யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் டெஸ்டிங் லைனுக்கு சூப்பர்வைசராகப் போக வேண்டுமென்றால் கையில் ஒரு சர்டிபிகேட் இருக்க வேண்டும். காலையில் போய் இருட்டும் நேரம் வீடு திரும்புகிறவன் எந்தக் காலேஜில் போய் உட்காருவான்?

அதற்காகத்தான் தான் வேலை பார்க்கும் பீளமேட்டுப் பயிற்சி மையத்தில் ஒவ்வொரு மேஜையாக நின்று பேசி, இந்த எட்டு வாரப் படிப்புக்கு அனுமதி வாங்கினாள். வாரத்தில் ஐந்து நாள் போனில் பாடம். இருபது நிமிட வீடியோ, அதன் அடியில் ஐந்து கேள்வி. சனிக்கிழமை மட்டும் சிங்காநல்லூரில் சிக்கந்தர் பாயின் பட்டறைக்கு நேரில் வர வேண்டும். எது போனில், எது பட்டறையில் என்று பிரிப்பதற்கு மட்டும் அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. கண்ணால் பார்த்தால் போதும் என்பதைப் போனுக்குத் தள்ளினாள். கை பட்டால்தான் வரும் என்பதைச் சனிக்கிழமைக்கு வைத்தாள்.

ஒரே ஒரு சட்டம். அதை அவளே நீல மையில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். பேனல் பாடத்தைப் போனில் முடிக்காதவர் பேனலைத் தொடக் கூடாது. பேனல் என்பது மோட்டாரை ஓடவிட்டு அளவெடுக்கும் சுவிட்ச் பலகை.

இன்று எட்டாவது சனிக்கிழமை. பதினான்கு பேருக்கும் கடைசிச் சோதனை. சோதிக்க வருகிறவன் ஆல்வின், கதிர் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியின் பயிற்சி அதிகாரி. இரண்டு வாரத்துக்கு முன்னால் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில், திருப்பூர் பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டம் இடித்துக்கொண்டு போக, "எங்க அம்மா உங்க ஊட்டுக்கு ஒருநாள் வரலாமுங்களா?" என்று கேட்டவன்.

"இந்த பேட்ச் முடியட்டுமுங்க" என்று அன்று அவள் தள்ளிப்போட்டிருந்தாள்.

இன்றோடு பேட்ச் முடிகிறது.

*

"மேடம், எங்கூட்டுல சீரியல் பாக்கறதையே வுட்டாச்சுங்க" என்றாள் ராமாமணி, காயில் இறங்கும் இரும்பு வளையமான ஸ்டேட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே. காயில் செக்‌ஷனில் இருபது வருஷமாக இருக்கிறவள். "எட்டு மணி ஆச்சுன்னா உங்க வீடியோதான். எம் மாமியா கேக்கறாங்க, அந்தப் புள்ள இன்னிக்கு என்ன சீலைன்னு."

"பாடத்தப் பத்தி ஒண்ணும் கேக்கலீங்களா?"

"அது எனக்கே புரியறதுக்கு மூணு தடவ பாக்க வேண்டியிருக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஐம்பத்தோரு வயது செங்கோடன் மட்டும் சிரிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து அவர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

கதிர் கடைசி மேஜையில் காயிலை ஸ்லாட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். விரல்கள் அவசரப்படவே இல்லை. ஆல்வின் அவன் பின்னால் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, பட்டியலில் எதையோ எழுதினான். எழுதியது முழு மதிப்பெண் என்று யுவஸ்ரீக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"நல்லா வந்திருக்குங்களா மேடம்?" என்று கதிர் கேட்டான். சனிக்கிழமை மட்டும் அவளை மேடம் என்பான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதையே சொல்லிக் கிண்டல் செய்வான்.

"உனக்கென்ன" என்றாள்.

அவன் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் தொங்கியது. ஆறாவது வாரம் போன் வகுப்பில் கதிரின் பெயரில் வந்த கேள்வி. 'மோட்டார் தண்ணியில் முழுகி எழுந்தால், ஒயர் எங்கும் அறுபடாமலே கரண்ட் வெளிக்கூட்டுக்கு எப்படி வருகிறது? அதற்கு வழி எங்கிருந்து கிடைக்கிறது?'

அதன் கீழே அவள் பதில் எழுதியிருந்தாள். 'கதிர், நல்ல கேள்வி. இந்த வகுப்பில் யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை.'

அந்தத் தாளை ஆல்வின் கம்பெனி மேனேஜருக்கும் அனுப்பியிருந்தான். சூப்பர்வைசர் இடத்தை இந்தப் பையனுக்கென்று எடுத்து வைக்கச் சொன்னாராம் மேனேஜர்.

*

பதினொரு மணிக்கு டீ வந்தது. ஆல்வின் டம்ளரோடு அவள் மேஜைக்கு வந்தான்.

"அடுத்த பேட்ச்சுக்கு ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கறனுங்க. கம்பெனி கேண்டீன்ல நாலு டேப்லெட் வாங்கிப் போட்டுட்டா, சாப்பாட்டு நேரத்துல பாடம் பாத்துக்குவாங்க."

"எதுக்குங்க தனியா? அவங்கவங்க போன்லயே பாக்கறாங்களே."

"கம்பெனிக்குள்ள போன் ஏதுங்க? காலையில கேட்லயே டோக்கன் போட்டு வாங்கி வெச்சுக்குவாங்க. சாயங்காலம்தான் திருப்பிக் குடுப்பாங்க. மிஷின்ல கை வெக்கற எடம்."

யுவஸ்ரீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எல்லாருக்குமேங்களா?"

"எனக்கும் சேத்தித்தானுங்க" என்று சிரித்துவிட்டு அவன் நகர்ந்தான்.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். மதிப்பெண் பட்டியலை நூறு தடவை பார்த்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த, யார் எப்போது பாடம் பார்த்தார் என்ற நேரப் பட்டியலை அப்படிப் பார்த்ததில்லை. ராமாமணி, இரவு எட்டு பத்து. செங்கோடன், காலை ஐந்தரை. கதிர், பகல் பன்னிரண்டு ஐந்து.

கதிர், பகல் இரண்டு பதினைந்து. கதிர், பதினொன்று நாற்பது. கதிர், மூன்று பத்து.

எட்டு வாரம். நாற்பது பாடம். ஒன்றுகூட அவன் வீட்டில் இருக்கும் நேரத்தில் இல்லை. முதல் வாரம் இரண்டொரு நேரம் கண்ணில் பட்டபோது, சாப்பாட்டு இடைவேளையில்கூடத் தம்பி படிக்கிறான் என்று அவள் பூரித்துப் போனாள். அதற்குமேல் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னூர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதிர் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. "கேட்ல குடுத்துட்டு, சாயங்காலம் க்யூல நின்னு எவன் வாங்கறது? ஊட்லயே கெடக்கட்டும்." ஃபிரிட்ஜுக்கு மேல் கிடந்தது அந்தப் போன். பக்கத்தில் கதிரின் மனைவி கோகிலவாணி நின்று குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

*

பட்டறையின் பின்பக்கம் போய் அம்மாவின் பட்டன் போனுக்கு அடித்தாள். மாசாணியம்மாள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏஞ் சாமி, கதிரு பாஸாயிட்டானா?"

"இன்னும் இல்லம்மா. கோகிலாகிட்டக் குடு."

"அவ எதுக்கு இப்ப? துணி தொவச்சுட்டிருக்கா."

"குடும்மா."

ஈரக்கையைத் துடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரல். "சொல்லுங்க அண்ணி."

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன். பயப்படாமச் சொல்லு. கதிருக்கு வந்த பாடமெல்லாம் யார் பாத்தது?"

தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் மட்டும் வந்தது.

கோகிலவாணி அன்னூரில்தான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தாள். கடைசி வருஷம் பாக்கி இருக்கும்போது கல்யாணம் ஆயிற்று. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. யுவஸ்ரீயும்தான்.

"மொத வாரம் அவருக்குத் தூக்கம் வந்துருச்சுங்க அண்ணி. நீ பாத்துச் சொல்லுன்னாரு. சொன்னேன். அப்பறம் அப்படியே பழகிப்போச்சு."

"கேள்விக்குப் பதில் போட்டதும் நீயா?"

"ஆமாங்க."

"ஆறாவது வாரம் எழுதுன அந்தக் கேள்வி?"

"நீங்க 'நல்ல கேள்வி'ன்னு எழுதியிருந்தீங்களே அண்ணி. அத நாலஞ்சு தடவ எடுத்துப் படிச்சேன். கதிர்னுதான் எழுதியிருந்தீங்க. இருந்தாலும்."

"பேனல் பாடம்? கெபாசிட்டர் பத்தி? அத அவனுக்குச் சொன்னியா?"

"அன்னிக்கு அவரு ஓவர்டைம் முடிச்சுட்டு வந்து சாப்பிடாமலே படுத்துட்டாருங்க. அடுத்த நாளு சொல்லலாம்னு இருந்தேன். சொல்லலீங்க அண்ணி. மறந்துபோட்டேன்."

*

கதிரைத் தனியாகக் கூப்பிட்டாள். வார்னிஷ் வாடை அடிக்கும் அந்தச் சந்தில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம்.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் மறுக்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அவ சொன்னா எனக்குப் புரியுதுங்க்கா. வீடியோல நீ சொன்னா தூக்கம் வருது. அதுக்கு நான் என்ன பண்ண?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? பேரை அடிச்சிருப்ப."

பேரை அடித்திருப்பாள்தான்.

"காயில்ல சார் முழு மார்க் போட்டுட்டாரு. நான் பாத்தேன்" என்றான் கதிர். "மத்தியானம் பேனல் ஒண்ணுதான் பாக்கி. கேள்வித்தாள் உன் பையிலதான் இருக்கு. அத மட்டும் ஒரு தடவ காட்டு. பத்து வருஷம் கேட்ல நின்னுட்டங்க்கா. ஒரே ஒரு நாளு."

பையின் வாரை அவள் விரல் இறுகப் பிடித்துக்கொண்டது. தாள் உள்ளேதான் இருந்தது. சிறுவயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இவன் பையையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். அந்த எடை இப்போது ஞாபகம் வந்தது.

"ரெண்டு மணிக்கு முன்னால நீயே ஆல்வின் சார்கிட்டப் போய்ச் சொல்லிரு" என்றாள். "நான் பக்கத்துல நிக்கறேன். பேனல் பாடத்த நீ பாக்கல கதிர். அதுல கை வெக்கறது வெளையாட்டில்ல."

"சொல்லலீன்னா?"

அவன் தோளை ஒதுக்கி அவளைக் கடந்து போனான்.

*

இரண்டு மணி ஆயிற்று. கதிர் எதையும் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரம் முழுதும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆல்வின் தனியாக உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில் கதிர் இரண்டு தடவை அந்தப் பக்கம் எழுந்து போய், இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினான்.

ஐந்து பேர் பேனலை முடித்தார்கள். ராமாமணி முடித்ததும் சிக்கந்தர் பாய் வாசலில் நின்றபடியே கை தட்டினார்.

"அடுத்து கதிர்" என்றான் ஆல்வின்.

மேஜைமேல் சிங்கிள் பேஸ் பம்ப் மோட்டார். பக்கத்தில் கெபாசிட்டர். ஓட விட வேண்டும், அளவு எடுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், ஒயரைக் கழற்ற வேண்டும். நாலே வேலைதான்.

கதிர் ஓட விட்டான். அளவைப் படித்தான். சரியாகத்தான் படித்தான். சுவிட்சை அணைத்தான். மோட்டாரின் முனகல் குறைந்து அடங்கியது.

பேனலின் ஓரத்தில் கொக்கியில் மஞ்சள் பிடி போட்ட ஒயர் ஒன்று தொங்கியது. சுவிட்சை அணைத்தாலும் கெபாசிட்டருக்குள் கரண்ட் தங்கியிருக்கும். அந்த மஞ்சள் ஒயரை வைத்து முதலில் அதை இறக்க வேண்டும். மூன்றாவது வாரம் யுவஸ்ரீ அதை மட்டும் தனி வீடியோவாக எடுத்திருந்தாள். இரண்டு தடவை மெதுவாகச் செய்து காட்டியிருந்தாள்.

கதிர் கொக்கியின் பக்கம் திரும்பவில்லை. அவன் கை நேராகக் கெபாசிட்டரின் முனைக்குப் போனது.

"கதிர், நில்லு."

யுவஸ்ரீ சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பட்டறை முழுக்க நின்றது. கதிரின் விரல் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது.

ஆல்வின் மஞ்சள் ஒயரை எடுத்து இரண்டு முனையிலும் வைத்தான். டப்பென்று நீலமாய் ஒரு பொறி. ராமாமணி "மாரியாத்தா" என்று வாய்க்குள் சொன்னாள்.

"இது மூணாவது வாரப் பாடமுங்க" என்றான் ஆல்வின். "உங்களுக்கு அதுல அஞ்சுக்கு அஞ்சு இருக்குது."

"மறந்துபோச்சுங்க சார்."

"ம்." ஆல்வின் பட்டியலைப் பார்த்தான். கதிரைப் பார்த்தான். "பதட்டத்துல மறக்கறதுதான். காயில் அவ்வளவு சுத்தமாப் பண்ணியிருக்கீங்க. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடியும் பண்ணுங்க. மார்க் கொஞ்சம் கொறையும். வேற ஒண்ணுமில்ல."

தப்பிக்க ஒரு கதவு திறந்துவிட்டது. கதிர் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். சும்மா இருந்துவிடு என்றது அந்தப் பார்வை. சும்மா இருந்தால் போதும்தான். சர்டிபிகேட் வரும். திங்கட்கிழமை சூப்பர்வைசர் இடம் வரும். ராத்திரி அம்மா பாயசம் வைப்பாள். டெஸ்டிங் லைனில் ஒரு நாளைக்கு இருநூறு மோட்டார். அத்தனை கெபாசிட்டருக்கும் பக்கத்தில் இவன் கை இருக்கும். இவன் சொல்லிக் கொடுத்ததை நம்பி வேறு எட்டுப் பேர் கையும் இருக்கும்.

"அவன் மறக்கலீங்க" என்றாள் யுவஸ்ரீ. "அந்தப் பாடத்த அவன் பாக்கவே இல்லீங்க."

"ரிப்போர்ட்ல இருக்குதே?"

"அந்த மார்க் அவனோடது இல்லீங்க. ஒண்ணுகூட."

கதிர் மேஜைமேல் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துணியை மடித்து வைத்தான்.

"சரிங்க மேடம்" என்றான்.

கொஞ்சநேரத்தில் வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

செங்கோடன் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இதச் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காதுங்க. போன்ல எழுத்து எனக்குத் தெரியறதில்ல. எம் பொண்ணு படிச்சுச் சொல்லும், நான் பதில் சொல்லுவேன், அது அமுத்தும். அதுவும் தப்புங்களா?"

ஆல்வின் பட்டியலை மூடினான்.

*

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றான் ஆல்வின். எல்லோரும் போன பிறகு பட்டறை வாசலில் நின்றார்கள். எதிரே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பின.

"தெரியுமுங்க."

"இப்ப பதினாலு பேரு ரிசல்ட்டையும் நிறுத்தித்தான் வெக்கோணும். ராமாமணி அக்காதும் சேத்தி. யாரு பாத்தாங்க, யாருக்காக யாரு பாத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? திங்கக்கெழம பத்து மணிக்கு மேனேஜர்கிட்ட நீங்க வந்து சொல்லோணும். பதில் இல்லீன்னா இந்தப் படிப்பையே நிறுத்திருவாங்க."

"வந்து சொல்றனுங்க."

அவன் ஹெல்மெட்டைக் கையில் சுற்றினான். "அம்மா வர்ற விஷயம்..."

"அத இன்னிக்குக் கேக்காதீங்க."

"கேக்கலீங்க. இன்னிக்கு உங்களுக்காகக் கொஞ்சம் வளைஞ்சு குடுத்தேன்னா, அப்பறம் எத்தன வருசம் ஆனாலும் நம்ம ரெண்டு பேத்துக்கும் அது மறக்காது. அதத்தான் சொல்ல வந்தேன்."

அவள் தலையாட்டினாள். அதைக் கேட்டபோதுதான் அவன்மீது கொஞ்சம் அதிகமாகவே மனது போனது. அதை முகத்தில் காட்டுகிற நாள் இதுவல்ல.

"அந்தக் கேள்வி" என்றான், கிளம்பப் போனவன் நின்று. "சுவத்துல ஒட்டியிருக்குதே, அத யாரு கேட்டது?"

"அவன் சம்சாரம். கோகிலவாணி."

"மேனேஜர் அந்த எடத்த எடுத்து வெச்சதே அதப் பாத்துத்தான். அவங்ககிட்ட நான் பேசோணுமே. ஏழு மணிக்குக் கூப்பிடட்டுங்களா? அவங்க நம்பர் என்ன?"

"அவளுக்குன்னு நம்பர் இல்லீங்க" என்றாள் யுவஸ்ரீ. "என் போனுக்கே கூப்பிடுங்க. நான் அங்கதான் இருப்பேன்."

அன்னூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையிலிருந்து, கதிருக்குக் காட்டாத கேள்வித்தாளை எடுத்தாள். பின்பக்கத்தில், எட்டு வாரத்துக்கு முன்னால் தயாரித்த சேர்க்கைப் படிவத்தை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தாள். பெயர். வயது. போன் நம்பர். இன்டர்நெட் வசதி உண்டா. எத்தனை ஜி.பி.

எல்லாம் கேட்டிருந்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'இந்தப் போன் பகலில் யார் கையில் இருக்கும்?'

அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, சரவணம்பட்டி தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

வாசலில் கதிரின் பைக் நின்றது.

"வந்துட்டியா?" என்றாள் மாசாணியம்மாள். குரலில் எப்போதும் இருக்கும் சாமியும் கண்ணும் இல்லை. "கூடப் பொறந்தவன நாலு பேத்துக்கு முன்னால நிக்க வெச்சுப்போட்டு வந்துட்டியா?"

"கை வெச்சிருந்தா தூக்கிப் போட்டிருக்கும்மா."

"அதுக்குக் காதோட சொல்லோணும். ஊருக்கே கேக்கறாப்புல சொல்றதா?"

கோகிலவாணி சமையலறை நிலையில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டு. அவளுடைய காலேஜ் நோட்டு. முன்பக்கம் பிசிக்ஸ். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் நாற்பது பாடமும் வரிசையாக இருந்தது. படத்தோடு, அம்புக்குறியோடு. மூன்றாவது வாரப் பக்கத்தில் மஞ்சள் ஒயரைக் கலர் பென்சிலால் வரைந்து, 'இவருக்குக் கட்டாயம் சொல்லணும்' என்று அடிக்கோடு போட்டிருந்தாள்.

"ரெண்டு தடவ கோடு போட்டிருக்கேங்க அண்ணி" என்றாள். "போட்டும் மறந்துபோட்டேன்."

"அத எதுக்கு இப்ப எடுத்துட்டு வந்து காட்டற?" கதிர் உள்ளறையிலிருந்து வந்தான். சட்டை மாற்றவில்லை. கையில் அவன் போன். "உங்கண்ணி இன்னொரு வேல பண்ணியிருக்கா, தெரியுமா? அந்தக் கேள்வி கேட்டது நீதான்னு சார்கிட்டச் சொல்லியிருக்கா. அவரே எனக்கு மெசேஜ் போட்டிருக்காரு. உங்கூடப் பேசோணுமாம்."

"கேட்டது அவதான கதிர்?" என்றாள் யுவஸ்ரீ.

"ஊட்ல சும்மாதான இருக்கா, பாக்கட்டும்னு வுட்டேன். இப்ப நான் கேட்ல டோக்கன் போட்டுட்டு நிக்கோணும், இவ உள்ள போயி எனக்கு சூப்பர்வைசரா?"

"அப்படி யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்." அவன் கோகிலவாணியைப் பார்க்காமலே பேசினான். "திங்கக்கெழமையிலிருந்து இந்தப் போன் எங்கூட வரும்."

"கேட்ல குடுக்கோணுமேடா" என்றாள் மாசாணியம்மாள், ஒன்றும் புரியாமல்.

"குடுத்துக்கறேன். பொட்டியில கெடக்கட்டும்."

போனைச் சட்டைப் பையில் போட்டு, மேல் பட்டனையும் மாட்டினான். அந்தப் பட்டனை அவன் மாட்டி யாரும் பார்த்ததில்லை.

கோகிலவாணி அழவில்லை. நோட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜைமேல் யுவஸ்ரீயின் போன் அதிர்ந்தது. ஏழு மணி. திரையில் ஆல்வின் பெயர். அடுத்த நொடி மணியும் அடிக்கத் தொடங்கியது.

யுவஸ்ரீ கை நீட்டவில்லை. "உனக்கு வந்த போன் கண்ணு" என்றாள்.

இரண்டாவது மணி. கோகிலவாணி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். மூன்றாவது மணிக்கு மாமியாரைப் பார்த்தாள். மாசாணியம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், மருமகள் கையிலிருந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். கை இரண்டும் காலியானது.

கோகிலவாணி போனை எடுத்தாள்.

"சொல்லுங்க சார். நான் கோகிலவாணி பேசறனுங்க."

எட்டு வாரத்தில் அந்தப் படிப்புக்குள் அவள் பெயர் ஒலித்தது அதுதான் முதல் தடவை. ஆல்வின் எதையோ கேட்டான். அவள் பதில் சொன்னாள். ஒயர்மேல் பூசிய வார்னிஷ் ஈரத்தைக் குடித்துக்கொள்வதைப் பற்றி, அந்த ஈரமே கரண்டுக்கு வழியாகிவிடுவதைப் பற்றி. முதலில் தடுமாறி, பிறகு தடுமாறாமல். பேசப் பேசக் குரல் நிமிர்ந்தது. கதிர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். ராத்திரிச் சாப்பாட்டின்போது தினமும் கேட்ட குரல்தான். இன்று அது வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் நிறுத்தினாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழமைங்களா? மேனேஜரப் பாக்க, நேர்லயா?"

கதிர் விடுவிடுவென்று வாசலுக்குப் போனான். பைக் உறுமியது. ஆனால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

கோகிலவாணி வாசல் பக்கம் திரும்பி நின்றாள். அந்தச் சத்தத்துக்கு மேலே, அவனுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"வாரனுங்க சார்."